பாடாங் செராய்க்கு வருகிறவர்களுக்கு: கார்டைத் திருப்பிப் பாருங்கள்

கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை கிடைத்து இந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்களுக்கு எழுதுகிறேன். மலேசியாவின் கெடா மாநிலத்தில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தோட்டத்து ஊர். கடைத்தெருவில் தமிழ் மட்டும் வைத்துக்கொண்டே காலம் தள்ளலாம். ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்பார்கள், பழகிவிடும்.

கிரெடிட் கார்டு வாங்குவது பெரிய விஷயமில்லை. பாஸ்போர்ட், பெர்மிட், சம்பளச் சீட்டு கேட்பார்கள். ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட் வேண்டும், வருடத்துக்கு 25 ரிங்கிட் சேவை வரி உண்டு. என் விண்ணப்பத்தில், வெளிநாட்டு இணையச் செலவுக்குச் சம்மதமா என்று ஒரு கட்டம் இருந்தது. ஊரில் அம்மாவுக்கு மிக்ஸி வாங்கி அனுப்பலாமே என்று டிக் போட்டேன். மிக்ஸி இன்றுவரை வாங்கவில்லை.

ஒரு வியாழன் இரவு, ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தபோது எஸ்எம்எஸ் வந்தது. பெயர் தெரியாத கடை, 4 ரிங்கிட் 40 சென். ஓடிபி எதுவும் வரவில்லை. நம் ஊர்க் கார்டில் ஓடிபி இல்லாமல் இணையத்தில் பைசா நகராது என்ற பழக்கத்தில், ஏதோ ஆப் பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். வெளிநாட்டுக் கடைகள் பல ஓடிபி கேட்பதே இல்லை. கார்டுக்கு உயிர் இருக்கிறதா என்று திருடன் தொட்டுப் பார்க்கத்தான் அந்த நாலு வெள்ளி.

மறுநாள் மாலை 780 போயிற்று. அப்போது புரிந்தது. ஆனாலும் நான் போன் செய்யவில்லை. கிளைக்கு நேரில் போய்ச் சொன்னால்தான் வேலை நடக்கும் என்பது ஊரில் படித்த பாடம். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, வங்கி மூடியிருந்தது. ஞாயிறு எப்படியும் இருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். போதாததற்கு, மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் போதும் என்று நம் ரிசர்வ் வங்கி 2017இல் போட்ட விதி வேறு மனதில் இருந்தது. திங்கள்தானே முதல் வேலை நாள்! சனி இரவு இன்னும் இரண்டு செலவு, அவை இரண்டும் சேர்த்து 1,590.

ஞாயிற்றுக்கிழமை இங்கே வங்கி திறந்திருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது ஞாயிறு இரவுதான். ராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட பெருமையெல்லாம் பேசுகிறோம், அந்தக் கடாரமான கெடாவில் வங்கி என்றைக்குத் திறக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கள் காலை கவுன்டரில் இருந்த பெண் கார்டை வாங்கித் திருப்பினாள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த எண் மேல் நகத்தை வைத்து, "இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள்" என்றாள். அவளும் அந்த எண்ணுக்குத்தான் போன் செய்து என் கையில் கொடுத்தாள். எதிர்முனையில் கேட்ட முதல் கேள்வி: "வெள்ளிக்கிழமையே தெரியும் என்றால் ஏன் இன்று சொல்கிறீர்கள்?"

இங்கே நாள் கணக்கு கிடையாது. தெரிந்தவுடன், முடிந்தவரை சீக்கிரம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கார்டு தொலைந்தோ திருடுபோயோ நடந்த செலவில் நம் பொறுப்பு 250 ரிங்கிட்டைத் தாண்டாது என்ற பேங்க் நெகாரா (மலேசிய மத்திய வங்கி) விதியும், தாமதிக்காமல் சொன்னவர்களுக்குத்தான். முதலில் போன் செய்து கார்டை முடக்குங்கள், புகார் எண்ணையும் பேசிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். போலீஸ் ரிப்போர்ட், படிவம் எல்லாம் அப்புறம். ஏமாந்துபோய் நீங்களே கணக்கிலிருந்து பணம் அனுப்பியிருந்தால் மோசடிப் புகாருக்கான 997க்கும் அழையுங்கள்.

ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நாலு வெள்ளியும் 780உம் திரும்பக் கிடைக்கும், 1,590 என் தலையில். அதை எதிர்த்து, வங்கி மீதான புகார்களை விசாரிக்கும் நிதிச் சந்தைகள் ஓம்புட்ஸ்மேன் சேவைக்குப் போகலாம், கட்டணம் இல்லை, ஆனால் வங்கியின் கடைசிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கோபத்தில் கடிதத்தை டிராயரில் எறிந்தவன், அதையும் தவறவிட்டேன்.

இன்னொன்று: கார்டே தொலைந்தால் பின்பக்கத்து எண்ணும் அதோடு போய்விடும். அதனால் போனில் சேமித்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு அடுத்த வரியில், "அய்யய்யோ" என்ற பெயரில் இருக்கிறது.