‘பொன்னியின் செல்வன்’ பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், கல்கியின் இந்த வரலாற்று நாவலின் ஐந்து பாகத்தையும் முடித்த சூட்டோடு கருத்து எழுதி எடுத்து வருவார்கள். ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள் அதில் வரிசையாக இருக்கும். பெயர்க் குழப்பம், முடிவைப் போட்டு உடைப்பது போன்றவை தானாகச் சரியாகிவிடும். மற்றதைப் பார்ப்போம்.

“கல்வெட்டே சொல்லுது!”

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். போன கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, “ஆதித்த கரிகாலனைக் கொன்னது உத்தம சோழன்தான், உடையார்குடிக் கல்வெட்டே சொல்லுது” என்றார். கரிகாலன் ராஜராஜனின் அண்ணன்; உத்தம சோழன் ராஜராஜனுக்கு முன் அரியணையில் இருந்தவன். கல்வெட்டைப் படித்தீர்களா என்று கேட்டேன். வீடியோவில் பார்த்தாராம்.

சரி, அதில் என்ன இருக்கிறது? காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள அந்தக் கல்வெட்டு, ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணை அதில் வருகிறது. ‘பாண்டியனைத் தலைகொண்ட’ கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரைச் சொல்கிறது. அவர்களுடைய சொத்தும் உறவினர் சொத்தும் பறிமுதலாவதுதான் விஷயம். ஏன் கொன்றார்கள், எங்கே வைத்துக் கொன்றார்கள், யார் தூண்டியது என்பதற்கெல்லாம் அதில் ஒரு சொல் கிடையாது. உத்தம சோழன் மேல் குற்றச்சாட்டும் கிடையாது.

கொலையைக் கடம்பூர் மாளிகையில் வைத்தது கல்கி. ரவிதாசனைப் பாண்டிய ஆபத்துதவியாக, அதாவது பாண்டிய மன்னனுக்காக உயிரையும் கொடுக்கும் மெய்க்காவலனாக, ஆக்கியதும் அவர்தான். கல்வெட்டில் அவன் பெயரோடு வரும் பிரமாதிராஜன், சோழ அரசு தன் பிராமண உயர் அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். அந்த ஒரு சொல்லே நாவலின் சதியிலிருந்து வேறு திசைக்கு நம்மை இழுக்கிறது. வீடியோக்கள் இதைத் தொடுவதே இல்லை.

உத்தம சோழன் மேல் சந்தேகத்தை முன்வைத்தவர் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி. இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனுக்கு ராஜராஜன் உயர்ந்த பொறுப்பு கொடுத்திருக்கிறானே, அண்ணனைக் கொன்றவன் மகனுக்கு அப்படிச் செய்வானா என்பது அவர் வாதம். இரண்டுமே ஆய்வாளர்களின் ஊகம். கல்கியோ நாவலில் உத்தம சோழனைக் குற்றவாளியாகக் காட்டவில்லை. அப்புறம் எந்தப் புத்தகத்தைப் படித்து அந்தத் தம்பி அவன்மேல் பழி போட்டார்?

அன்று பேச்சு அதோடு நிற்கவில்லை. கல்வெட்டில் உள்ளவர்கள் பிராமணர்கள் என்பதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஒரு சாதியையே கொலைகார சாதி என்றார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சிலர் செய்ததற்கு இன்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை ஏச என்ன உரிமை இருக்கிறது? முதல்முறை வந்திருந்த இரண்டு பேர் பாதியில் எழுந்து போனார்கள். இன்னும் திரும்பி வரவில்லை.

தயவுசெய்து ‘கல்வெட்டில்’ என்று எழுதுமுன் அதன் வாசகத்தை ஒருமுறையாவது படியுங்கள். முடியாவிட்டால் ‘கல்கி இப்படிக் காட்டுகிறார்’ என்று எழுதுங்கள், போதும்.

நந்தினியை வரலாற்றில் தேடுவது

தேடாதீர்கள். கல்கி படைத்தவள்.

“ரொம்ப இழுவை”

1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் வந்த தொடர் இது. அத்தியாயக் கடைசியில் ஆளை ஆபத்தில் நிறுத்துவதும், நடந்ததை மறுபடி நினைவூட்டுவதும் ஒரு வாரம் காத்திருந்த வாசகருக்காக. ஒரே மூச்சில் படித்தால் இழுக்கத்தான் செய்யும். நாளைக்கு இரண்டு மூன்று அத்தியாயம் படித்துப் பாருங்கள்.

படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்கு மார்க் போடுவது

வேண்டாம்.

“டக்கென்று முடித்துவிட்டார்”

தொடர் முடிந்தபோதே வாசகர்கள் இதைத்தான் கேட்டார்கள். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று சொல்லியிருக்கிறார். உங்கள் புகாரை எழுதுமுன் அதைப் படித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் குறை இருந்தால் தாராளமாக எழுதுங்கள், நாங்களும் பேசத் தயார்.