கொல்லைச் செரி மரத்துப் பறவைகள்: அடியில் நின்று படம் எடுப்பதும் இனம் காண்பதும்

பினாங்கில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக் கொல்லையில் ஒரு செரி மரம் இருந்தால் போதும், பறவை பார்க்க மலையேற வேண்டியதில்லை. ஆண்டு முழுக்கக் காய்க்கிற மரம் அது, பழம் சிவந்த உடனே ஆள் வந்துவிடும். ஆனால் எடுத்த படத்தைப் பறவைக் கையேட்டோடு ஒப்பிடும்போதுதான் பலரும் குழம்புகிறார்கள், ஏனென்றால் கையேட்டில் பறவையைப் பக்கவாட்டில் வரைந்திருப்பார்கள், மரத்தடியில் நிற்கிற நமக்குத் தெரிவதோ வயிறும் வாலடியும்தான். அதனால் அடிப்பக்கத்தைப் பார்த்தே பெயர் சொல்லப் பழகுங்கள், படத்தையும் அதற்கேற்ற மாதிரி எடுங்கள்.

முதலில் வெளிச்சம். காலை ஏழரையிலிருந்து பத்து மணி வரை வெயில் சாய்வாக விழும், பசியோடு வருகிற கூட்டமும் அப்போதுதான் அதிகம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். மரம் வீட்டுக்குக் கிழக்கே இருந்தால் காலையில் எதிர்வெயில் அடிக்கும், அப்படிப்பட்டவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் பாருங்கள். வானம் வெளுத்துக் கிடக்கிற நாளில் கேமரா பறவையைக் கறுப்பாக்கிவிடும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 அல்லது இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். கைப்பேசி என்றால் திரையில் பறவையைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். வானம் வெளிறிப் போனால் போகட்டும், நமக்கு வேண்டியது இறகின் நிறம்.

300 மி.மீ. லென்ஸ் இருந்தால் தாராளமாகப் போதும். அமைதியாக உட்கார்ந்திருக்கிற புறாவுக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி, ஓயாமல் துள்ளுகிற சின்னப் பறவைக்கு 1/1000 அல்லது அதற்கு மேல், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விட்டுவிடுங்கள். ஃபோகஸுக்கு ஒரே ஒரு சின்னப் புள்ளி வையுங்கள், இல்லையென்றால் கேமரா முன்னால் இருக்கிற இலையைத்தான் பிடிக்கும். ஏர்கோன் அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுவந்தால் லென்சில் ஆவி படியும், அரை மணி நேரம் முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள். அப்புறம் நம் ஊர் ஈரத்துக்கு லென்சுக்குள் பூஞ்சை பிடிக்கும், டிரை கேபினட் (ஈரத்தை உறிஞ்சும் அலமாரி) இல்லாதவர்கள் இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் சரி.

ஒரு பறவைக்கு மூன்று படமாவது எடுங்கள்: கண்ணும் அலகும் தெரிகிற ஒன்று, மார்பும் வயிறும் தெரிகிற ஒன்று, வாலடி தெரிகிற ஒன்று. அழகான படம் இதில் எதுவும் இல்லாமல் போகலாம், ஆனால் பெயர் கிடைக்கும்.

வாலடி மஞ்சள், முகம் வெள்ளை, கண்ணுக்கு முன்னால் கருங்கோடு என்றால் அது மஞ்சள் வாலடிச் சின்னான், மலாய்க்காரர்கள் மெர்பா என்பார்கள். உடம்பெல்லாம் பச்சையாக, இலைக்குள் அசையாமல் உட்கார்ந்திருப்பது புனாய் என்கிற பச்சைப்புறா. ஆணுக்குச் சாம்பல் தலை, இளஞ்சிவப்புக் கழுத்து, மார்பில் ஆரஞ்சுப் பட்டை, பெண்ணுக்கு இது எதுவும் கிடையாது. கட்டைவிரல் அளவுக்கு ஒன்று டிக் டிக் என்று கத்திக்கொண்டு பழத்தைக் குத்தினால் அது பூக்கொத்தி. ஆணின் முதுகு உச்சந்தலையிலிருந்தே சிவப்பு, பெண்ணுக்கு வாலுக்கு மேலே மட்டும் சிவப்பு. தேன்சிட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், தேன்சிட்டின் அலகு நீண்டு வளைந்திருக்கும், இதன் அலகு குட்டை.

கறுப்பு உடம்பு, சிவப்புக் கண் என்றாலே குயில் என்று முடிவு கட்டாதீர்கள். கூட்டமாக வந்து இறங்கும் பளபளப்பு மைனாவுக்கும் அதே நிறம்தான், பச்சை மினுமினுப்பு மட்டும் கூடுதல். அளவில் அது குயிலின் பாதிதான், அலகும் கறுப்பு. ஆண் குயிலின் அலகு வெளிர்பச்சை, வால் நீளம்.

உண்மையில் சிரமமானவை கோடு போட்ட வயிறுகள்தான். வெள்ளை வயிற்றில் கருங்கோடுகளோடு வருவது பெரும்பாலும் பளபளப்பு மைனாவின் குஞ்சு, தாய் தந்தையைப் போல் துளியும் இராது என்பதால் வேறு இனம் என்று நினைத்துவிடுவார்கள், பக்கத்தில் பெரியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். அதே கோடுகளோடு வாலடி மஞ்சளாக இருந்தால் இளம் மாங்குயில். வால் குட்டையாக, கால் சிவப்பாக, கண்ணைச் சுற்றி மஞ்சளாக இருந்தால் குக்குறுவான். செம்பைத் தட்டுவது போல டொங் டொங் என்று விடாமல் கேட்பது அதன் குரல்.

இன்னும் சந்தேகம் என்றால் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி இலவசம்தான், படத்தோடு இடத்தையும் தேதியையும் சரியாகக் கொடுங்கள். அது சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் வாலடிப் படத்தை வைத்து நீங்களே ஒருமுறை சரிபாருங்கள்.

தயவுசெய்து குரல் பதிவைப் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள், சாப்பிட வந்த உயிர் அந்தக் குரலை எதிரி என்று நினைத்துத் தேடி அலையும். கூடு தெரிந்தால் படத்துக்காகக் கிளையை வெட்டி வழி பண்ணாமல் விலகிவிடுங்கள்.

அக்டோபர் முதல் மார்ச் வரை மைனாக் கூட்டத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வடக்கிலிருந்து வலசை வரும் டவுரியன் மைனாவும் அதில் கலந்திருக்கலாம்: ஆணுக்குத் தலையும் வயிறும் வெளிர்சாம்பல், முதுகு கருஊதா, கண் கறுப்பு.