புளியங்கொட்டையில் சராசரி

பினாங்கில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். சராசரி என்றதும் உடனே கூட்டி வகுக்கச் சொல்லிவிடாதீர்கள். சூத்திரம் கடைசியில் வரட்டும்.

ஒரு டப்பா புளியங்கொட்டை போதும். ஐந்து பேரைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு கை அள்ளி எண்ணச் சொல்லுங்கள். என் வகுப்பில் 7, 9, 4, 12, 8 வந்தது. அப்புறம், "எல்லாருக்கும் சமமாக வரும்வரை கூடுதலாக வைத்திருப்பவர் குறைவாக இருப்பவருக்குக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். சத்தம் வரும், பரவாயில்லை. ஆளுக்கு 8 என்று நிற்கும். அதுதான் சராசரி. பிறகு 40-ஐ 5-ஆல் வகுத்துக் காட்டினால், "அட, அதேதான் டீச்சர்!" என்பார்கள்.

கைச்செலவுக் காசை மட்டும் எண்ண வைக்காதீர்கள். ஒரு வெள்ளிகூட இல்லாமல் வரும் பிள்ளை கூனிக் குறுகிப்போகும்.

அடுத்து, கொட்டைகளைப் பழையபடி பிரித்துக் கொடுத்துவிட்டு நானும் இரண்டு கையால் அள்ளினேன்: 32. ஆறு பேருக்கு மொத்தம் 72, சராசரி 12. ஆனால் பிள்ளைகளில் 12 வைத்திருந்தது ஒருத்தன்தான்! ஏறுவரிசையில் நிற்க வையுங்கள். நடுவில் 8-ம் 9-ம் நிற்கும். இரண்டுக்கும் நடுவே எட்டரை. வரிசையின் நடு மதிப்பான அதுதான் இடைநிலை.

"அரைக் கொட்டை யாருக்கு டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். அன்று பாடம் அங்கிருந்துதான் சூடு பிடித்தது.