முப்பது டிகிரி வெயிலிலும் கார்புரேட்டரில் பனி

குமரி மாவட்டத்தின் மேல் பறக்கும் சிறு விமானத்துக்கு இறக்கையில் பனி படியும் கவலை இல்லை. இங்கே உறைநிலை ஏறக்குறைய 16,000 அடியில்தான். பயிற்சி விமானம் அவ்வளவு உயரம் போவதில்லை. பனி பிடிப்பது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில்.

கல்யாணச் சமையலில் பெரிய அடுப்பு எரியும்போது கேஸ் சிலிண்டர் வியர்க்கிறதே, அதே கணக்குதான். பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று கழுத்தில் விரியும்போதும் உள்ளே 20 டிகிரிக்கு மேலும் வெப்பம் சரியும். ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? அந்த ஈரம், காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகட்டில் உறைந்து ஒட்டும், காற்று போகும் வழி அடைபட்டு இன்ஜின் திணறும். கார் பெட்ரோல் ஊற்றும் இன்ஜினில் இது இன்னும் சீக்கிரம் வரும். கார்புரேட்டர் இல்லாத ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இன்ஜினுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

கிளம்பும் முன் தரையில் இன்ஜினை ஓட்டிச் சோதிக்கும் ரன்‑அப்பில் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பிவிடும் பிடி) முழுதாக இழுங்கள். ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) சற்றுக் குறைய வேண்டும். குறையவில்லையா, கேபிள் கழன்றிருக்கலாம், பறக்காதீர்கள். திருப்பித் தள்ளியதும் முதலில் இருந்ததைவிடக் கூடினால், தரையிலேயே பனி பிடித்திருந்தது என்று அர்த்தம். சூடான காற்று ஃபில்டர் வழியே வராது, அதனால் புழுதியில் நெடுநேரம் இழுத்து வைக்க வேண்டாம்.

பறக்கையில் பனி பிடித்தால் ஆர்.பி.எம். மெல்ல மெல்ல இறங்கும். பலர் செய்யும் தவறு, த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டிவிட்டுச் சும்மா இருப்பது. நோய் மறையும், தீராது. (சுற்று வேகத்தைத் தானே நிலையாக வைக்கும் கான்ஸ்டன்ட் ஸ்பீடு புரொப்பெல்லர் என்றால், இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மேனிஃபோல்டு பிரஷர் மீட்டரைப் பாருங்கள், ஆர்.பி.எம். காட்டிக்கொடுக்காது.) ஹீட்டை அரைகுறையாக இல்லாமல் முழுதாக இழுங்கள். ஆர்.பி.எம். இன்னும் விழும், உருகிய தண்ணீர் உள்ளே போய் இன்ஜின் உதறும். இந்த இடத்தில்தான் பயந்து திரும்பத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள். உதறல் நின்று ஆர்.பி.எம். ஏறும்வரை பொறுங்கள்.

இறங்கும்போது முதலில் ஹீட்டை இழுங்கள், பிறகு த்ராட்டிலைக் குறையுங்கள். சூடு புகைபோக்கியிலிருந்து வருகிறது. இன்ஜின் ஆறிவிட்டால் உருக்க எதுவும் மிஞ்சாது. நீண்ட இறக்கத்தில் அவ்வப்போது த்ராட்டிலைக் கூட்டிச் சூடேற்றுங்கள். தென்னையும் குளமும் வீடும் நெருங்கிக் கிடக்கும் இந்த மண்ணில், இன்ஜின் நின்றபின் இறங்க வெளி தேடுவது பெரும்பாடு. கோ‑அரவுண்டு (இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது) என்றால் த்ராட்டிலை முழுதாகக் கொடுத்து, ஹீட்டையும் உள்ளே தள்ளுங்கள். இல்லாவிட்டால் ஏறுவதற்கு வேண்டிய விசை குறைந்துபோகும்.