கார் கவுண்டரில் கை பிசைந்து நிற்காமல் இருக்க

போன வாரம் மதுரை கே.கே. நகரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுத் தம்பி பிடித்துக்கொண்டான். நண்பர்கள் நான்கு பேர் ஓமான் தலைநகர் மஸ்கட்டில் கார் வாடகைக்கு எடுத்து, அந்நாட்டின் தென்பகுதியில் இருக்கும் சலாலா வரை ஓட்டிக்கொண்டு போகிறார்களாம். “எல்லாம் ரெடிண்ணே, பருப்புப் பொடிகூட அரைச்சாச்சு.”

“கார் யார் பேருல? கார்டு யாருது?”

“கார் என் பேருல. கார்டு மட்டும் ஃப்ரெண்டோடது. அவனுக்குத்தான் லிமிட் ஜாஸ்தி.”

வாயில் வைத்த டீ கசந்துவிட்டது. முதல் பயணத்தில் நான் செய்த அதே கூத்து. பாஸ்போர்ட் நகல், சார்ஜர் பின் பற்றியெல்லாம் ஊரில் யாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

அடுத்தவர் கார்டு

நாங்கள் மஸ்கட்டில் இறங்கியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. தூங்கி வழியும் இரண்டு பிள்ளைகள், ஐந்து பெட்டிகள். முன்பதிவு என் பெயரில், பணம் கட்டியது மச்சான் கார்டில். கவுண்டரில் இருந்தவர் என் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்டார். டெபிட் கார்டை நீட்டினேன், முடியாது என்று தலையாட்டிவிட்டார். “கார்டுக்காரர் இதோ நிற்கிறாரே” என்று மச்சானைக் காட்டினேன். “அப்படியானால் அவரே ஓட்டட்டும்” என்றார். மச்சானிடம் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லை. ஓட்டத் தெரிந்தவனிடம் கார்டு இல்லை, கார்டு உள்ளவன் ஓட்ட முடியாது! கட்டிய வாடகையும் திரும்ப வரவில்லை. டாக்சி பிடித்து அறைக்குப் போய், மறுநாள் ரொக்கமாக டெபாசிட் வாங்கிக்கொண்ட ஒரு சின்னக் கடையில் கூடுதல் வாடகைக்குப் பழைய கார் எடுத்தோம். மச்சான் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்கிறான். எனக்கு இன்னும் எரிகிறது.

கோபம் ஆறியபின்தான் விஷயம் புரிந்தது. அங்கே கார்டு கேட்பது வாடகைக்காக மட்டும் இல்லை. ஒரு தொகையை டெபாசிட்டாகப் பிடித்துவைக்கிறார்கள். கீறல், குறைந்த பெட்ரோல், வேகக் கேமராவில் சிக்கிய அபராதம் எல்லாம் பின்னால் அந்தக் கார்டுக்குத்தான் வரும். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவரும் கார்டுக்காரரும் ஒரே ஆளாக இருக்கவேண்டும் என்கிறார்கள். பிடித்த தொகை விடுபடப் பல நாள் ஆகலாம். அதுவரை லிமிட்டில் அவ்வளவு குறையும் என்பதால் அறை வாடகைக்கு வேறு கார்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்த நிலையில்தான் வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நீங்களே திறந்து, அதற்கான லிமிட்டையும் ஏற்றவேண்டும். இதை மதுரையிலேயே முடியுங்கள்.

அப்புறம் நம்ம ஊர் இன்ஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், லைசென்சில் இன்ஷியல் பின்னால், கார்டில் முன்னால். நமக்கு மூன்றும் ஒரே ஆள். கவுண்டரில் இருப்பவருக்கு மூன்று பேர். முடிந்தவரை ஒன்றாக்கிவிடுங்கள்.

அனுமதிப் புத்தகம்

சர்வதேச ஓட்டுநர் அனுமதியைச் சொல்கிறேன். ஆர்.டி.ஓ. தருவது, கட்டணம் 1000 ரூபாய், ஆயுள் அதிகபட்சம் ஓராண்டு. அது லைசென்சின் மொழிபெயர்ப்பு மாதிரிதான். அசல் லைசென்சை வீட்டில் வைத்துவிட்டு இதை மட்டும் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும்.

இன்சூரன்ஸ்

‘இன்சூரன்ஸ் உண்டு’ என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். சேதமானால் எவ்வளவு வரை நம் கைக்காசு என்று கேளுங்கள். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி பல ஒப்பந்தங்களில் சேராது. சாவி வாங்கியதும் காரைச் சுற்றி வீடியோ எடுங்கள், கூரையையும் சேர்த்து.

ஜெபல் அக்தர்

இது ஓமானில் உள்ள மலைப்பகுதி. அடிவாரத்தில், பிர்கத் அல் மவ்ஸ் ஊரையொட்டி போலீஸ் சோதனைச் சாவடி இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) இல்லையென்றால் மேலே விடமாட்டார்கள். கொடைக்கானலுக்கு எந்தக் காரிலும் ஏறிப் பழகிய திமிரில் சின்னக் காரோடு போய், திரும்பி வந்தேன்.

ரவுண்டானா

ஓமானில் வலப்பக்கப் போக்குவரத்து. உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முதல் வழி. கோரிப்பாளையம் பழக்கத்தில் மூக்கை நுழைக்காதீர்கள்.

பெட்ரோல்

மஸ்கட்டிலிருந்து சலாலா ஏறக்குறைய 1000 கிலோமீட்டர், பெரும்பகுதி பாலைவனம். பாதி டேங்க் இறங்கினாலே நிரப்புங்கள். இருட்டிய பின் ஓட்டாதீர்கள், ஒட்டகம் குறுக்கே வரும்.

வாடி

வாடி என்றால் வறண்ட ஆற்றுப்படுகை. எங்கோ மலையில் பெய்த மழைக்கு இங்கே நிமிடங்களில் வெள்ளம் வரும். வைகையில் தண்ணீர் வரும்போது தரைப்பாலத்தில் பைக்கை விடுகிறவர்கள் நம் ஊரில் உண்டு. ஓமானில் ஓடும் வாடிக்குள் வண்டியை இறக்கினால் சட்டப்படியே குற்றம்.