உயில் படிப்பைச் சாட்சிக் கூண்டிலிருந்து தொடங்குங்கள்

உயில் எழுதத் தெரியாது என்று சொல்லும் வக்கீலை நான் பார்த்ததில்லை. பழைய உயில் ஒன்றின் நகலை எடுத்து, பெயரையும் சொத்து விவரத்தையும் மாற்றினால் அரை மணி நேர வேலை. அது கோர்ட்டில் நிற்குமா என்பது தெரியவருவதோ எழுதிவைத்தவர் போன பிறகு. அப்போது அவரைக் கேட்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வையும் எழுதிவிட்டால், அப்புறம் நாம் படித்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நியூயார்க்கில் அனுபவமுள்ள வக்கீல்கூட இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 24 மணி நேரப் படிப்புக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இங்கே நாமாக வைத்துக்கொண்டால்தான் உண்டு. நான் திருச்சியில் பெரும்பாலும் வாரிசுரிமை, பாகப்பிரிவினை வழக்குகள் பார்க்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் என் ஜூனியர்களோடு உட்கார்ந்து படிக்கும் முறையைத்தான் எழுதுகிறேன். சிவில் பக்கம் சில வருடம் ஓட்டியவர்களுக்கு இது. புதிதாக வந்தவர்கள் முதலில் ஒரு வழக்கை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்த்துவிட்டு வாருங்கள்.

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தை முதல் பிரிவிலிருந்து புரட்ட வேண்டாம். தூக்கம்தான் வரும். சீனியரின் அலமாரியில் முடிந்துபோன உயில் வழக்குக் கட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். அதை எடுத்து, சான்றொப்பமிட்ட சாட்சியின், அதாவது உயிலில் சாட்சியாகக் கையெழுத்திட்டவரின், குறுக்கு விசாரணையை முதலில் படியுங்கள். பிறகு தீர்ப்பு. உயிலைக் கடைசியில். எந்த வரியில் வழக்கு சரிந்தது என்று பென்சிலால் குறித்துவிட்டு, அந்த ஓட்டையை எழுதும்போதே எப்படி அடைத்திருக்கலாம் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

ஒரு உதாரணம். சாட்சி கூண்டில் ஏறி, "அவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன், நானும் போட்டேன்" என்கிறார். ஜூனியர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார். வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒவ்வொருவரும் எழுதிவைப்பவர் கையெழுத்திட்டதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொருவரும் அவர் முன்னிலையில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். 'அவர் முன்னிலையில்' என்பது நம் சாட்சியின் வாயிலிருந்து வரவில்லை. இன்னொரு சாட்சியும் அப்படித்தான் போட்டார் என்பதும் வரவில்லை. ஒரு சாட்சியை மட்டும் விசாரித்தால் போதும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒருவர் மற்றவரின் சான்றொப்பத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும் என்று ஜானகி நாராயண் போயிர் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் முதல் விசாரணைப் பிரமாண வாக்குமூலம் தயாரிக்கும்போது 63-ஆம் பிரிவைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள்.

இந்த இடத்தில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "மேடம், ரிஜிஸ்தர் பண்ணியாச்சே, அது போதாதா?" போதாது. உயிலுக்குப் பதிவு கட்டாயமே இல்லை, பதிவு செய்ததாலேயே நிரூபணம் ஆகிவிடுவதும் இல்லை. சார்பதிவாளர் முன் அடையாளம் காட்டிக் கையெழுத்திட்டவரும் சான்றொப்பமிட்ட சாட்சியும் ஒன்றல்ல. பழைய உயில்களில் இந்தக் குழப்பம் நிறைய.

அடுத்து, வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கு, ஏஐஆர் 1959 உச்ச நீதிமன்றம் 443. நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதியது. இதன் சுருக்கத்தைப் படிக்காதீர்கள், முழுத் தீர்ப்பையும் படியுங்கள். சந்தேகத்துக்குரிய சூழ்நிலை என்று நாம் வாய்ப்பாடாகச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இங்கிருந்து வந்ததுதான். உயிலைத் தயாரிப்பதில் முன்னால் நின்றவரே அதில் பெரிய பயனும் அடைந்தால், அந்தச் சந்தேகத்தைப் போக்கும் சுமை உயிலை முன்வைப்பவர் தலையில். படித்ததும் எழுதும் மேசைக்குத் திரும்புங்கள். ஓர் அம்மா வீடு முழுவதையும் இளைய மகனுக்கு எழுதுகிறார் என்றால், அந்த மகனை உங்கள் அறைக்கு வெளியே உட்காரவையுங்கள். மகளுக்கு ஏன் தரவில்லை என்பதை அந்த அம்மாவின் சொந்த வார்த்தையிலேயே இரண்டு வரி எழுதுங்கள். சாட்சிகளாக, உயில் எழுதிவைப்பவரைவிட வயதில் இளையவர்களைப் பாருங்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்றால் மரியாதைதான், வழக்கு வரும்போது அவர் இருக்க வேண்டுமே. சொத்து விவரத்தில் யுடிஆர் எனும் நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்புக்கு முந்தைய சர்வே எண் மட்டும் இருந்தால், இன்றைய பட்டாவில் உள்ள எண்ணையும் சேருங்கள்.

வாரிசு மரம் வரைவது தனிப் பயிற்சி. ஒரு தாளில் ஐந்து தேதிகளை எழுதி ஒட்டிவையுங்கள்: இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 17.6.1956, திருமணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்த 25.3.1989, எந்த நாளுக்கு முன் நடந்த பாகப்பிரிவினைகளுக்கு மத்தியத் திருத்தச் சட்டம் பாதுகாப்புத் தருகிறதோ அந்த 20.12.2004, மகள்களுக்கும் சமப் பங்கு தந்த அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 9.9.2005, திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா தீர்ப்பு சொன்ன 11.8.2020. பிறகு எந்தக் குடும்பத்தைக் கொடுத்தாலும், ஒவ்வொரு இறப்பும் திருமணமும் இந்தத் தேதிகளுக்கு முன்னா பின்னா என்று வைத்துப் பாருங்கள்.

இதில் பலர் சறுக்குவது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில். பிள்ளையில்லாத விதவை, சொந்தச் சம்பளத்தில் வீடு வாங்கி, உயில் இல்லாமல் இறந்துவிட்டார். அவருடைய அம்மா உயிரோடு இருக்கிறார். வீடு யாருக்கு? கணவரின் வாரிசுகளுக்கு. அம்மாவின் முறை அதற்குப் பிறகுதான். ஓம் பிரகாஷ் எதிர் ராதாசரண், 2009, இதைத்தான் சொன்னது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை, ஆனால் கட்சிக்காரரிடம் என் உடன்பாட்டை வைத்துக்கொண்டு ஆலோசனை சொல்ல முடியாது. சம்பாதிக்கும் பெண் யார் வந்தாலும், வந்த வேலை எதுவானாலும், உயில் எழுதியாச்சா என்று கேட்கும் பழக்கம் எங்கள் ஆபீசில் உண்டு.

அப்புறம், மாறியதைத் தேடிப் பிடிக்கும் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் மாதிரிப் படிவங்களை எல்லாம் எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு பிரிவு எண்ணும் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சாட்சியச் சட்டம் 68-ஆம் பிரிவு, 1.7.2024 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 67 ஆகிவிட்டது. வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை வைக்கலாம் என்பது 2025 நவம்பரிலிருந்து. பெரிய மாற்றம் 2025 டிசம்பரில் வந்தது: சென்னை, மும்பை, கொல்கத்தா உயர் நீதிமன்றங்களின் அசல் சிவில் எல்லைக்குட்பட்ட சொத்துகளுக்கு ப்ரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) கட்டாயம் என்ற, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவையே நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. அண்ணாநகர் வீட்டுக்கு ப்ரொபேட் இல்லாமல் முடியாது என்று நாம் பல்லாண்டு சொல்லிவந்த வாசகத்தை இனிச் சொல்லக் கூடாது. ஆனால் ப்ரொபேட் ஒழிந்துவிட்டது என்றும் சொல்லாதீர்கள். ப்ரொபேட் மனு போடும் 276-ஆம் பிரிவு அங்கேயே இருக்கிறது. வாரிசுகளுக்குள் தகராறு வரும் என்று தெரிந்தால் போட்டுவைப்பதே நல்லது.

நாமினிக்கும் வாரிசுக்கும் உள்ள வித்தியாசத்தை 1984-இன் சர்பதி தேவி, 2023-இன் சக்தி யஸ்தானி தீர்ப்புகளில் படியுங்கள். முன்னது இன்சூரன்ஸ், பின்னது பங்குகள். இரண்டிலும் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டும்தான். 2015 இன்சூரன்ஸ் திருத்தத்தையும் சேர்த்துப் படிக்காவிட்டால் படிப்பு பாதிதான்.

உயிலா, உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்டா என்று கேட்டு வரும் பெரியவர்களுக்காக, பராமரிக்காதவர்களுக்குக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற வழிசெய்யும் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்க வேண்டும் என்றது 2022-இன் சுதேஷ் சிக்காரா தீர்ப்பு. சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்துத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது 2025 ஜனவரியின் ஊர்மிளா தீட்சித் தீர்ப்பு. ஒரே மாலையில் இரண்டையும் படித்துவிட்டு, ஆளுக்கு ஒரு நிபந்தனைப் பத்தி எழுதி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் உடைக்க வேண்டும். எங்கள் ஆபீசில் சத்தம் அதிகமாகக் கேட்கும் மாலை அதுதான்.

உயில் நிர்வாகத்தை யாரும் படிப்பதில்லை. ப்ரொபேட் கையில் வந்ததும் கட்டை மூடிவிடுகிறோம். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால், 263-ஆம் பிரிவில் ப்ரொபேட்டை ரத்து செய்யக் கோர எதிர்த்தரப்புக்கு நாமே வழிவிட்டதாகிறது. உத்தரவு வந்த அன்றே இந்த இரண்டு தேதியையும் குமாஸ்தாவின் டைரியில் எழுதச் சொல்லுங்கள்.

குடும்ப டிரஸ்ட்டைப் பொறுத்தவரை, 1882-ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டத்தை நாம் படிக்கலாம். வருமான வரிப் பக்கம் ஆடிட்டரோடு உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து எண்களெல்லாம் மாறிவிட்டதால், ஆடிட்டர்களும் இப்போது மாணவர்கள்தான், கூப்பிட்டால் வருவார்கள். தீர்ப்புகளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளம் இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பும் பலவற்றுக்கு உண்டு. கட்சிக்காரருக்கு வாசித்துக் காட்ட அது போதும், கோர்ட்டில் ஆங்கில மூலத்தையே கொடுங்கள்.