சிகாகோவுக்குப் போகிறீர்களா? முதலில் ஏரியைப் பாருங்கள்

காட்பாடியில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் இந்த வருடம் இரண்டு வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளைப் பார்க்க சிகாகோவுக்குக் கிளம்புகிறார்கள். மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவன் நான். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

போய் இறங்கிய மறுநாளே மிச்சிகன் ஏரியைப் பார்த்துவிடுங்கள். பாலாற்றில் மணலையே பார்த்துப் பழகிய நமக்கு அதை ஏரி என்று சொல்ல வாய் வராது. அக்கரை தெரியாது, அலை அடிக்கும். ஆனால் கடல் வாடை இல்லை. கையில் அள்ளிப் பார்த்தேன். உப்புப் பிசுபிசுப்பே கிடையாது. ஊருக்குக் குடிநீரும் அதுதான்.

ஏரி ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வழி தெரிந்த மாதிரி. வேலூரில் நாம் கோட்டையை வைத்து வழி சொல்வதில்லையா, அப்படி. முதல் வாரம் சுரங்க ரயிலை விட்டு மேலே வந்தேன். உயரமான கட்டடங்களுக்கு நடுவே போன் மேப் தடுமாறியது. அரைமணி நேரம் எதிர்ப்பக்கமாகவே நடந்திருக்கிறேன். அன்று இரவு மகன் கதவு எண் கணக்கைச் சொல்லிக்கொடுத்தான்.

ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கிற முனைதான் பூஜ்யம். அங்கிருந்து நான்கு திசையிலும் எண் ஏறும். 800 ஏறினால் ஒரு மைல். டெவன் அவென்யூ 6400 வடக்கு; அப்படியென்றால் மேடிசனிலிருந்து 8 மைல். நம் மளிகைச் சாமான், கறிவேப்பிலை எல்லாம் அங்கே கிடைக்கும். சிவப்பு லைன் ரயிலில் லயோலா நிலையத்தில் இறங்கி 155ஆம் எண் பஸ்ஸில் மேற்கே போங்கள்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர நீல லைன் ரயில் இரவு பகலாக ஓடுகிறது.

மிச்சிகன் அவென்யூவில் ஆர்ட் இன்ஸ்டிடியூட் கட்டடத்துக்கு அவசியம் போங்கள். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது அந்தக் கட்டடத்தில்தான். உள்ளே போனதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

சரி, குளிர். 2019 ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி வரை போன ஊர் அது. குளிர்காலத்தில் போகிறவர்கள் கனமான கோட்டு தேடி வேலூரில் அலையாதீர்கள், அங்கே போய் வாங்குங்கள். இங்கிருந்து காதை மூடும் குல்லா மட்டும் கையோடு கொண்டுபோங்கள். ஏரிக் காற்று முதலில் பிடிப்பது காதைத்தான்.